மருமகள் கால் வைத்த நேரம்

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை மாணவன்

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ குடும்பக் கதை என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். இது கணிப்பொறி சமாசாரம். வீடியோ எடிட்டிங் மென்பொருளில் இரண்டு பிளகின்கள் மோதிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். மருமகளும் வருவாள், கொஞ்சம் பொறுங்கள்!

கல்யாண சீசனில் நம் பக்கம் எந்த ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாலும் ஒரே புலம்பல்தான். "சிஸ்டம் தொங்குது", "ரெண்டர் பாதியில நிக்குது", "எக்ஸ்போர்ட் குடுத்தா சாஃப்ட்வேரே மூடிக்குது". இதற்கு ஊர் முழுக்க ஒரே வைத்தியம்: "ஃபார்மட் பண்ணிரு!" தலைவலி என்று போனவனிடம் தலையை எடுத்துவிடலாம் என்று சொல்கிற வைத்தியம் இது. ஃபார்மட் செய்து, பழையபடி எல்லாவற்றையும் ஏற்றினால் பழைய வியாதியும் கூடவே ஏறிக்கொள்ளும். காரணம் தெரியாமல் செய்கிற வைத்தியம் அப்படித்தான்.

முதலில் பிளகின் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அடோபி நிறுவனம் பிரீமியர் மென்பொருளை 1991-ல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்காக வெளியிட்டது. அது போன்ற மென்பொருள்களைச் செய்கிற நிறுவனம் உலகத்தில் உள்ள எல்லா எஃபெக்டையும் தானே எழுத முடியாது. ஆகவே வெளியாள் எழுதித் தருகிற துண்டு மென்பொருளைத் தனக்குள் மாட்டிக்கொள்ள ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. அந்தத் துண்டுதான் பிளகின். டைட்டிலுக்கு ஒன்று, டிரான்சிஷனுக்கு ஒன்று, முகத்தைப் பளிச்சென்று காட்ட ஒன்று, நிறத்தைச் சரிசெய்ய ஒன்று என்று ஆயிரம் இருக்கின்றன. ஒரே பிளகின் பல மென்பொருள்களிலும் ஓட வேண்டும் என்பதற்காக 2004-ல் ஓப்பன் எஃப்எக்ஸ் என்று ஒரு பொது விதிமுறையும் வந்தது.

திருநெல்வேலிப் பக்கத்து நண்பர்களுக்கு வளவு வீடு தெரிந்திருக்கும். ஒரே வாசல், உள்ளே வரிசையாக ஏழெட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் ஒரே கிணறு. பிளகின்கள் அப்படிப்பட்ட குடித்தனக்காரர்கள். எடிட்டிங் மென்பொருள் ஓடும்போது அதற்கு விண்டோஸ் ஒதுக்கித் தருகிற நினைவகத்துக்குள்ளேயேதான் பெரும்பாலான பிளகின்களும் குடியிருக்கின்றன. ஒருத்தர் கிணற்றைக் கலக்கினால் எல்லார் குடத்திலும் சேறு. ஒரு பிளகின் தவறான இடத்தில் கை வைத்தால் அது மட்டும் சாகாது, மொத்த மென்பொருளும் சாய்ந்துவிடும்.

"அப்படியானால் ஆளுக்கொரு தனி வீடு கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! இணைய உலாவிகள் அதைத்தான் செய்தன. 2010-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.6.4 பதிப்பில் ஃபிளாஷ் போன்ற பிளகின்களைத் தனிப் பிராசஸில் பிரித்துவிட்டார்கள். ஃபிளாஷ் விழுந்தாலும் உலாவி நின்றது. ஆனால் வீடியோவில் ஒரு சிரமம். ஒரு 4கே ஃபிரேமில் 3840 பெருக்கல் 2160 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேமுக்கே ஏறக்குறைய 33 மெகாபைட். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 830 மெகாபைட் அளவு. இவ்வளவையும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நகலெடுத்து நகலெடுத்து அனுப்பினால் வேகம் என்ன ஆகும்? ஆப்பிளின் எஃப்எக்ஸ்பிளக் 4 போன்ற சில முறைகள் நகலெடுக்காமல் பகிர்ந்துகொள்ளும் வழிகளைக் கையாண்டு பிளகின்களைத் தனியே ஓட்டுகின்றன. ஆனாலும் நம் ஊர்க் கடைகளில் ஓடுகிற பலவற்றில் இன்னும் வளவு வீட்டு வாழ்க்கைதான்.

இனி நான் நேரில் பார்த்த கதை. 2024 வைகாசி. செமஸ்டர் லீவில் ஒரு ஸ்டுடியோவில் கைச்செலவுக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். கடையில் இருந்தது ஒரே ஒரு பெரிய சிஸ்டம், அதுவும் தவணையில் வாங்கியது. அதில் பதினாறு பிளகின் தொகுப்புகள். அண்ணாச்சிக்கு ரொம்பப் பிரியமான ஒரு டைட்டில் பிளகின் ஆறு வருஷமாக அங்கே இருந்தது. மணமகன் பெயரும் மணமகள் பெயரும் பொன்னிறத்தில் சுழன்று சுழன்று வருமே, அதே டைட்டில். கடைக்கு வந்து இரண்டு வாரமே ஆன ஒரு பையன், பத்தொன்பது வயசு, எடிட்டர் அண்ணனுக்கு உதவியாள். அவன் யோசனையில்தான் புதிதாக ஒரு டிரான்சிஷன் பிளகின் போட்டார்கள். காசு கொடுத்து வாங்கியதுதான், திருட்டுச் சரக்கு இல்லை. நாலு நாள் எடிட்டிங் ஜோராக நடந்தது. தாலி கட்டும் காட்சியும் ஊஞ்சல் காட்சியும் அந்த டிரான்சிஷனில் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்திருந்தன.

வியாழக்கிழமை சாயங்காலம் முதன்முறையாக எக்ஸ்போர்ட் கொடுத்தார்கள். ஐந்தே விநாடி, மென்பொருள் மூடிக்கொண்டது. திரும்பக் கொடுத்தார்கள், திரும்ப மூடியது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை துபாய்க்கு விமானம் ஏறுகிறார். சனிக்கிழமை வீடியோ கைக்குப் போகாவிட்டால் பாக்கிப் பணம் வராது. பாக்கி வராவிட்டால் சிஸ்டத்தின் தவணை கட்ட முடியாது.

எல்லார் பார்வையும் அந்தப் பையன் மேல் திரும்பியது. இங்கேதான் நம் மருமகள் வருகிறாள்! வீட்டில் மாடு செத்தாலும், மழை பெய்யாவிட்டாலும், "மருமக கால் வச்ச நேரம்" என்று சொல்கிற ஊர்தானே இது. "இவன் வந்து புதுசு புதுசா ஏத்துனான், சிஸ்டம் போச்சு" என்றார் எடிட்டர் அண்ணன். அண்ணாச்சி ஒரு படி மேலே போய், "இந்த மாசச் சம்பளம் கிடையாது, நாளையிலிருந்து வராதே" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய அம்மா பீடி சுற்றிக் குடும்பத்தை நடத்துகிறவர் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சம்பளம் அந்த வீட்டில் என்னவெல்லாம் ஆகும் என்பதை நம் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"அண்ணாச்சி, ஃபார்மட் பண்ண வேண்டாம். எனக்கு ரெண்டு மணி நேரம் குடுங்க" என்றேன். "தம்பி, நீ காலேஜ்ல படிக்கியே, என்னன்னுதான் பாரேன்" என்றார். புராஜெக்ட் கோப்பை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

நம் லேபில் ரேடியோ ரிசீவரில் பழுது கண்டுபிடிக்க என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஆன்டெனாவில் ஆரம்பித்து ஒவ்வொரு ஸ்டேஜாகத் தடவாதே. நடுவில் சிக்னல் வருகிறதா என்று பார். வந்தால் பழுது பின்பாதியில், வராவிட்டால் முன்பாதியில். ஒரே சோதனையில் பாதி வேலை முடிந்துவிடும். அதே பாதிபாதி முறையைத்தான் இங்கேயும் கையில் எடுத்தேன்.

அதற்கு முன்னால் சோதனையைச் சின்னதாக்க வேண்டும். மூன்று மணி நேரக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு சோதித்தால் விடிந்துவிடும். பத்து விநாடி கிளிப் ஒன்றை எந்த எஃபெக்டும் போடாமல் புது டைம்லைனில் வைத்து எக்ஸ்போர்ட் கொடுத்தேன். அதுவும் விழுந்தது! அப்போதே ஒரு விஷயம் புரிந்தது. பழுது புராஜெக்டில் இல்லை. எக்ஸ்போர்ட் தொடங்கும்போது இந்த மென்பொருள் ஏற்றி வைத்திருக்கிற பிளகின்களைத் தட்டி எழுப்புகிறது, அந்த நேரத்தில்தான் ஏதோ நடக்கிறது. இப்போது ஒரு சோதனைக்கு, மென்பொருளை மூடித் திறப்பது உட்பட, நாலு நிமிஷம் போதும்.

பதினாறு தொகுப்புகளையும் சேர்ந்த தேதி வரிசைப்படி ஒன்று முதல் பதினாறு வரை ஒரு தாளில் எழுதினேன். யாரையும் முன்கூட்டியே சந்தேகப்படக்கூடாது என்பதற்காக எண்களை மட்டும் வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் பிளகின் ஃபோல்டரிலிருந்து வெளியே நகர்த்திவிட்டு ஓட்டினேன். ஓடியது. ஆக, மென்பொருளோ விண்டோஸோ குற்றவாளி இல்லை. முதல் எட்டை மட்டும் உள்ளே வைத்தேன். ஓடியது. "அப்படின்னா பின் எட்டுலதான் கோளாறு" என்றார் பின்னால் நின்ற எடிட்டர் அண்ணன். பின் எட்டை மட்டும் வைத்தேன். அதுவும் ஓடியது! பதினாறையும் வைத்தால் விழுகிறது.

கடையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பேய்தான்" என்றார் அண்ணாச்சி.

பேய் இல்லை நண்பர்களே! பாதிபாதி முறை ஒரு விஷயத்தைக் கேட்காமலேயே நம்பிவிடுகிறது: குற்றவாளி ஒருத்தர்தான் என்பதை. ரேடியோவில் ஒரு கெபாசிட்டர் போனால் அது சரி. ஆனால் இரண்டு கை தட்டினால்தான் ஓசை வரும் என்றால்? ஒரு கையை முன்பாதியிலும் இன்னொரு கையை பின்பாதியிலும் போட்டுவிட்டால், எந்தப் பாதியிலும் ஓசை கேட்காது. இதற்குத்தான் மோதல் என்று பெயர். கெட்ட பிளகின் வேறு, மோதுகிற பிளகின்கள் வேறு.

சரி, ஜோடி ஜோடியாகப் பார்த்துவிடலாமா? பதினாறில் இரண்டிரண்டாக எடுத்தால் 120 ஜோடி. ஜோடிக்கு நாலு நிமிஷம் என்றால் எட்டு மணி நேரம். நல்லவேளையாக இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்திரேயாஸ் ஜெல்லர் என்ற கணினி அறிஞர் 1999-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். "நேற்று என் புரோகிராம் ஓடியது, இன்று ஓடவில்லை. ஏன்?" என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். தலைப்பைப் பாருங்கள், நம்ம ஸ்டுடியோக்காரர் கேட்கிற அதே கேள்வி! அந்த முறைக்கு டெல்டா டீபக்கிங் என்று பெயர். இரண்டு பாதியும் தனித்தனியே ஓடினால், ஒரு பாதியை முழுசாக உள்ளேயே வைத்துக்கொண்டு மற்றப் பாதியை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதன்பின் மாற்றிச் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

முதல் எட்டையும் உள்ளே வைத்துக்கொண்டு 9 முதல் 12 வரை சேர்த்தேன். ஓடியது. ஆகவே ஆள் 13 முதல் 16-க்குள். 13, 14 சேர்த்தேன். ஓடியது. 15 சேர்த்தேன். ஓடியது. மிச்சம் 16. இப்போது 16-ஐ நிலையாக வைத்துக்கொண்டு முன்பாதியைப் பிரித்தேன். 1 முதல் 4 வரை சேர்த்ததும் விழுந்தது. 1, 2 மட்டும் சேர்த்தால் ஓடியது. 3 சேர்த்தேன். விழுந்தது! ஆரம்பத்திலிருந்து எண்ணினால் மொத்தம் பத்தே சோதனை, நாற்பது நிமிஷம்.

தாளைப் பார்த்தேன். 16 பையன் போடச் சொன்ன டிரான்சிஷன். 3 அண்ணாச்சியின் பொன்னிற டைட்டில்.

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்லா! அந்தப் புதுசுதான்" என்றார் எடிட்டர் அண்ணன். நான் 16-ஐ மட்டும் வெளியே எடுத்து மற்றப் பதினைந்தையும் வைத்து ஓட்டினேன். ஓடியது. எடிட்டர் அண்ணன் முகத்தில் வெற்றி. பிறகு 16-ஐ உள்ளே வைத்து 3-ஐ வெளியே எடுத்தேன். அதுவும் ஓடியது. "அண்ணாச்சி, புதுச எடுத்தாலும் ஓடுது, பழச எடுத்தாலும் ஓடுது. இதுல யார் தப்புன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பையனைப் பார்த்து, "ஏல, டீ சொல்லிட்டு வா, எல்லாருக்கும்" என்றார். "எல்லாருக்கும்" என்றதில் அவனும் அடக்கம் என்று எனக்குப் புரிந்தது, அவனுக்கும் புரிந்தது.

ஏன் மோதின என்பதையும் பார்த்துவிட்டோம். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. மென்பொருள் விழுந்தால், எந்த மாட்யூலில் விழுந்தது என்று அதில் பதிவாகும். அங்கே இருந்தது மென்பொருளின் பெயரும் இல்லை, இரண்டு பிளகின்களின் பெயரும் இல்லை. ஒரு டி.எல்.எல். கோப்பின் பெயர். அந்தப் பெயரை வைத்து டிஸ்க்கில் தேடினால் இரண்டு பிரதிகள்! ஒன்று டைட்டில் பிளகினின் ஃபோல்டரில், இன்னொன்று டிரான்சிஷன் பிளகினின் ஃபோல்டரில். பெயர் ஒன்று, பதிப்பு எண் வேறு. ஒருவர் பழைய பதிப்பை நம்பி எழுதியிருக்கிறார், மற்றவர் புதியதை நம்பி எழுதியிருக்கிறார்.

விண்டோஸின் வழக்கம் என்ன தெரியுமா? முழுப் பாதையைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லி ஒரு டி.எல்.எல்.லைக் கேட்டால், அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே அந்த மென்பொருளின் நினைவகத்தில் ஏறியிருந்தால் பொதுவாக அதையே எடுத்துக் கொடுத்துவிடும். "முருகன் இருக்காரா?" என்று கேட்டு வந்தவருக்கு, வாசலில் முதலில் நின்ற முருகனைக் கைகாட்டிவிடுகிற கதை. டைட்டில் முதலில் ஏறியது, பழைய கோப்பைக் கொண்டுவந்தது. பிறகு ஏறிய டிரான்சிஷனுக்கும் அந்தப் பழையதே கிடைத்தது. எக்ஸ்போர்ட்டில் அதைக் கூப்பிட்டபோது எதிர்பார்த்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. டமால்! இப்படிப்பட்ட தொல்லைகளுக்கு மென்பொருள்காரர்கள் வைத்த பழைய பெயரே 'டி.எல்.எல். நரகம்'.

வேலையை எப்படி முடித்தோம்? 16-ஐ வெளியே வைத்து டைட்டில்களை மட்டும் பின்னணி இல்லாமல் ஆல்பா சேனலோடு பி.என்.ஜி. படவரிசையாக ரெண்டர் செய்தோம். பிறகு 3-ஐ வெளியே எடுத்து, 16-ஐ உள்ளே வைத்து, அந்தப் படவரிசையை டைம்லைனில் மேல் டிராக்கில் போட்டு எக்ஸ்போர்ட் கொடுத்தோம். பொன்னிறப் பெயரும் சுழன்றது, ஊஞ்சலும் ஆடியது. சனிக்கிழமை மதியம் வீடியோ கைமாறியது. அடுத்த வாரம் டைட்டில் பிளகினின் புதிய பதிப்பை வாங்கிப் போட்டதும் மூன்றும் பதினாறும் ஒரே வளவில் சண்டை இல்லாமல் குடியிருக்க ஆரம்பித்தன. பையனுக்கு அந்த மாதச் சம்பளம் முழுசாகக் கிடைத்தது.

நண்பர்கள் கத்தரித்து லேப் நோட்டில் ஒட்டிக்கொள்ள வசதியாகச் சில குறிப்புகள்:

1. எதிலும் கை வைக்கும் முன் புராஜெக்டை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுங்கள்.

2. பழுதை மிகச் சிறிய உதாரணத்தில் மறுபடி நிகழ்த்திப் பாருங்கள். பத்து விநாடி கிளிப் போதும்.

3. பிளகின்களை அழிக்காதீர்கள், ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். சில மென்பொருள்கள் பிளகின் பட்டியலை கேஷில் வைத்துக்கொள்ளும். நகர்த்தியும் பழைய பெயர் தெரிந்தால் அந்த கேஷை அழித்துவிட்டுத் திறங்கள்.

4. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். டிரைவரையும் மாற்றி, பிளகினையும் மாற்றிவிட்டு "சரியாயிருச்சு" என்றால், எதனால் சரியாயிற்று என்று யாருக்குத் தெரியும்?

5. ஒவ்வொரு சோதனையையும் தாளில் எழுதுங்கள். பாதி ராத்திரிக்கு மேல் ஞாபகத்தை நம்பக்கூடாது.

6. இரண்டு பாதியும் தனித்தனியே ஓடினால் பயப்படாதீர்கள். அது பேய் இல்லை, ஜோடி. ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியைப் பிரியுங்கள்.

7. விழவே இல்லை, ஆனால் பிளகின் பட்டியலிலேயே காணோம் என்றால் அது மோதலாக இல்லாமலும் இருக்கலாம். பிரீமியர் புரோ 2010-ல் சி.எஸ்.5 பதிப்பில் முழுக்க 64 பிட்டுக்கு மாறியபோது பழைய 32 பிட் பிளகின்கள் அதில் ஏறவில்லை. முதலில் அந்தப் பொருத்தத்தைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. "கடைசியாக என்ன மாற்றினாய்?" என்பது நல்ல கேள்வி. தேடலை அங்கிருந்து தொடங்கலாம், தப்பே இல்லை. ஆனால் தீர்ப்பை அங்கேயே எழுதிவிடக்கூடாது. 16 வராதிருந்தால் 3-க்குள் இருந்த பழமை யாருக்கும் தெரிந்திருக்காது, அது உண்மை. அதற்காக வந்தவன் குற்றவாளி ஆகிவிடுவானா? நாளைக்கு நாம் எல்லாருமே ஏதோ ஒரு கம்பெனியில், ஏதோ ஒரு ஷிஃப்டில், கடைசியாகக் கால் வைத்த மருமகளாகத்தான் போய் நிற்கப் போகிறோம். பிறகு ஒருநாள் சூப்பர்வைசராகவும் ஆவோம். அன்றைக்கு லைன் நின்றுபோய், புதுப் பையன் ஒருவன் தலைகுனிந்து நின்றால், திட்டுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுங்கள். முதல் வேலையாகப் பழையதை எடுத்துவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

எல்லாருடைய எக்ஸ்போர்ட்டும் நூறு சதவீதம் வரை ஓடி முடிய என் அன்பான வாழ்த்துகள்!